இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஜெயிக்குமா?

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வரும்போதெல்லாம் நமது புதுச்சேரியில் ஒரு தர்க்கம் மூளுவது வழக்கம். பிரான்ஸ் ஜெயிக்குமா, பிரேஸில் ஜெயிக்குமா, ஆர்ஜெண்டினா ஜெயிக்குமா என்று கடற்கரைச் சாலையில் உலவ வருவோரும், காப்பிக் கடைகளில் கூடுவோரும், கல்லூரி மாணவர்களும் மணிக்கணக்காக வாதிடுகின்றனர். பிரெஞ்சுப் பிரஜா உரிமையுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல நம் ஊரில் இருப்பதால், பிரான்ஸின் ஜெயாபஜயம் சில வீடுகளில் சொந்த விஷயமாகவே கருதப்படுகிறது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வாதத்திலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். இந்தியா ஜெயிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. தப்பித் தவறி எவரேனும் கேட்டால் கூட்டத்தில் சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று இன்று ஆராய விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் இக்கேள்வி சிரிப்புக்கு இடமானதாக இருக்கவில்லை. 1948-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில், சுதந்திரம் பெற்று ஒரு வருஷங்கூட நிரம்பாத இந்தியாவின் கோஷ்டி பிரான்ஸை எதிர்த்து ஆடிற்று. நம்மவர்களிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் என்ற வீரர் நமக்காக ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் போட்ட கோலினால் 2-1 என்ற கணக்கில் தோற்றோம். அப்போது நமது புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். எந்தத் தேசம் நம்மை ஆண்டு கொண்டிருந்ததோ, அத்தேசத்தாரைக் கடைசி நிமிஷம் வரையில் கலங்க வைத்தவர்கள் நம்மவர்கள். எதிரில் ஆடிய பிரெஞ்சுக் கோஷ்டி ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களைக் கொண்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அத்தோல்வி கௌரவமான தோல்வியேயாகும்.

அதன் பிறகு நடந்தது இன்னும் சிறப்பானது. 1951-இல் புது டில்லியில் நடந்த முதல் ஆசியப் பந்தயங்களில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். மறு வருஷமே, ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில், யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி அடைந்தோம். ஆயினும் தேசம் சோர்ந்து உட்காரவில்லை. வெறுங்கால் ஆட்டத்தைக் கைவிட்டு வீரர்கள் பூட்ஸ் அணியத் தொடங்கினார்கள். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரஹீம் என்ற பயிற்சியாளர் கோஷ்டியின் ஆட்ட முறையையே மாற்றி அமைத்தார். நான்கே வருஷங்களில், 1956-ஆம் வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று நான்காவது இடம் பெற்றோம். நெவில் டிஸூஸா அந்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய தேசம் இந்தியாவே. 1960-இல் ரோமாபுரியில் மறுபடியும் பிரான்ஸைச் சந்தித்தோம். இம்முறை 1-1 என்று சமமாக முடிந்தது.

1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 4-ந் தேதி, ஜாகர்த்தாவில் நமக்கு விரோதமாகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா ஆசியாவின் தங்கப் பதக்கத்தை மறுபடியும் கைப்பற்றிற்று. தலையில் தையல் போட்டுக்கொண்டு ஆடிய ஜர்னெயில் சிங் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் போட்டனர். நாம் இந்தியப் பிரஜைகளான பின் நமது தேசக் கோஷ்டி நமக்களித்த முதல் பரிசு அதுவே எனலாம். ஆண்களின் கால்பந்தில் அதற்கு ஈடான இன்னொரு தங்கம் அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் வரவில்லை என்பதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

தற்கால நிலைமையை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நலம். 2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், ஸிரியா ஆகிய மூன்று தேசங்களிடமும் தோற்றோம். மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. 2027-இல் ஸௌதி அரேபியாவில் நடக்க ஏற்பாடான அடுத்த ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவும் நம்மால் முடியவில்லை. ஹாங்காங்கிடம் தோற்றோம். 2025 அக்டோபரில் கோவாவின் மட்காவ் நகரில், முதற் கோலை நாமே போட்டிருந்தும், ஸிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று வெளியேறினோம். நவம்பரில் டாக்காவில் வங்காள தேசத்திடமும் தோற்றோம். 1996-இல் உலக வரிசையில் 94-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-ஆவது இடத்துக்கு இறங்கிற்று.

இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால் நம்மவர் மூன்று பதில்கள் சொல்லுகின்றனர். இந்தியருக்கு உடற்கட்டு போதாது என்பது ஒன்று. நாம் ஏழை தேசம் என்பது இரண்டாவது. கிரிக்கெட் மோகம் மற்ற விளையாட்டுகளை விழுங்கிவிட்டது என்பது மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்கு நிற்குமா என்று பார்ப்போம்.

உடற்கட்டு விஷயத்தில் ஜப்பானியர் நம்மைவிட ராக்ஷதர்கள் அல்லர். 1956-இல் நாம் ஒலிம்பிக் அரையிறுதி ஆடிய காலத்தில் அவர்கள் நமக்குப் பின்னால் இருந்தார்கள். 1993-இல் தொழில்முறைப் போட்டி ஒன்றைத் தொடங்கி, 1998-இல் முதன் முறையாக உலகக் கோப்பைக்குச் சென்று, 2022-இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் தோற்கடித்தார்கள். 2050-க்குள் உலகக் கோப்பையை வெல்லுவோம் என்று 2005-ஆம் வருஷத்திலேயே அவர்களுடைய சங்கம் பிரகடனம் செய்திருக்கிறது. ஏழ்மையைப் பற்றிச் சொல்லுவோர், ஜோர்டானும் உஸ்பெகிஸ்தானும் 2026 உலகக் கோப்பைக்கு முதன் முறையாகத் தகுதி பெற்றதை நோக்க வேண்டும். அவை செல்வத்தில் மிதக்கும் தேசங்கள் அல்ல. உஸ்பெகிஸ்தான் 2023-இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையையும், 2025-இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையையும் வென்றது. பையன்களிடத்தில் பெற்ற பலன் பின்பு பெரியவர்களிடத்தில் தெரிந்தது. கிரிக்கெட்டைப் பழிப்பதும் வீண். ஆஸ்திரேலியரும் கிரிக்கெட் பித்தர்களே. அவர்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தவறாமல் போய்க் கொண்டுதான் இருக்கிறார்கள்.

மெய்யான காரணம் வேறு. ஆட்ட நாளன்று மைதானத்தில் இறங்கும் பதினொரு பேரைத் தயார் செய்யும் வேலை நம் நாட்டில் ஒழுங்காக நடைபெறுவதில்லை. அதைச் செய்ய வேண்டிய சம்மேளனம் வருஷக்கணக்காக வழக்கு மன்றத்திலேயே காலங் கழித்தது. 2022 ஆகஸ்டில், வெளியார் தலையீடு என்ற காரணத்தால், சர்வதேசச் சங்கம் இந்தியாவைச் சில நாட்கள் விலக்கியே வைத்தது. 2025-இல் இன்னும் பெரிய அவமானம் நேர்ந்தது. சம்மேளனத்துக்கும் வியாபாரக் கூட்டாளிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிவடையும் தறுவாயில் புது ஏற்பாடு செய்யப்படாமையால், வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்க வேண்டிய தேசத்தின் முதல்தரப் போட்டி 2026 பிப்ரவரி வரையில் தொடங்கவேயில்லை. ஆட்டமில்லாமல் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்த வீரனிடம் ஜெயத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்? வக்கீல் தொழிலை அறிந்த நாம் ஒன்று சொல்லுவோம். வழக்கு நடத்துவதற்கு மன்றங்கள் உண்டு. ஆனால் வழக்கு நடக்கும் நாளெல்லாம் பையன்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடாது.

நம் ஊரார் கொண்டாடும் பிரான்ஸே இவ்விஷயத்தில் நமக்கு ஆசானாகட்டும். அத்தேசம் 1990, 1994 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறவில்லை. ஆனால் 1988-லேயே பாரிஸுக்கருகில் க்ளேர்ஃபோந்தேன் என்ற இடத்தில் தேசியப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்திருந்தது. பதின்மூன்று வயதுப் பையன்களைப் பொறுக்கியெடுத்து, படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே போதிக்கும் முறை அங்கே வகுக்கப்பட்டது. 1998-இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது. 2018-இல் மறுபடியும் வென்றது. ஆன்ரியும் எம்பாப்பேயும் அக்கூடத்தில் பயின்றவர்களே. பிரான்ஸின் கொடியைப் பிடித்து ஆடும் நம் நண்பர்கள் அந்தப் பயிற்சிக் கூடத்தின் கதையையும் அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

இங்கே இன்னொரு பிரஸ்தாபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சத்தாரைத் தேசக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டால் ஜெயம் கிட்டும் என்று சிலர் கூறுகின்றனர். புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரான்ஸில் வளர்ந்து வருவதால், இவ்வாதம் நம் ஊரில் விசேஷமாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. சட்ட நிலைமை யாதெனில், அந்நிய தேசப் பிரஜா உரிமையைத் தானே விரும்பி ஏற்றவர் இந்தியப் பிரஜையாக நீடிக்க முடியாது என்பது பிரஜா உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்காக ஆடுவதற்கில்லை. ஆஸ்திரேலியாவிற் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025-இல் தம் பழைய உரிமையைத் துறந்து இந்தியப் பிரஜையானார். அத்தகையோரை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இதனாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. குராஸோ என்ற சிறு தீவு இதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. அதன் ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். 2011-ஆம் வருஷக் கணக்குப்படி நமது புதுச்சேரிப் பிரதேசத்தின் ஜனத்தொகையோ 12 லட்சத்துக்கு மேல். அந்தத் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 140 கோடி ஜனங்களைக் கொண்ட இந்தியா பெறவில்லை. குராஸோவின் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஹாலந்தில் பிறந்தவர்கள் என்பது உண்மை. அவர்கள் ஹாலந்து தேசத்துப் பயிற்சிக் கூடங்களில் சிறு வயது முதல் தேறியவர்கள் என்பதும் உண்மை. ஆகவே அந்த உதாரணமும் பயிற்சியின் பெருமையையே பேசுகிறதன்றி, இரவல் கால்களின் பெருமையைப் பேசவில்லை. பயிற்சியை அயல்நாட்டார் செய்து கொடுப்பார்கள், நாம் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பது சுயராஜ்யம் பெற்ற தேசத்துக்கு அழகன்று.

அப்படியானால் இந்தியா ஜெயிக்குமா? நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிக் கூறுகிறோம். அடுத்த பத்து வருஷங்களில் உலகக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு இந்தியாவுக்கு அறவே இல்லை. ஆசியக் கோப்பையை வெல்லும் வாய்ப்பும் இல்லை. 2027-க்குப் பிந்திய ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்று, முதற் சுற்றைத் தாண்டுவதே நாம் நியாயமாக வைத்துக்கொள்ளக் கூடிய லட்சியம். அதற்குமேல் வாக்களிப்பவர் தேசத்தை ஏமாற்றுகிறார்.

ஆனால் நம்பிக்கைக்கு இடமில்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். 2025 நவம்பரில் ஆமதாபாத்தில், 17 வயதுக்குட்பட்ட நமது பையன்கள் ஈரானை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதே வருஷம் ஜூலையில், தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று, பெண்களின் கோஷ்டி தகுதிச் சுற்றின் மூலம் முதன் முறையாக ஆசியக் கோப்பையை எட்டிற்று. பெண்களுக்குக் கிடைத்த பணமும் வசதியும் எவ்வளவு சொற்பம் என்பதை அறிந்தவர்கள், அவர்கள் செய்த காரியத்தைச் சாமானியமாக எண்ணமாட்டார்கள். திறமை தேசத்தில் இல்லாமற் போகவில்லை. பதினேழு வயதில் ஈரானை வெல்லும் பையன் இருபத்திரண்டு வயதில் எங்கே போய்விடுகிறான் என்பதே கேள்வி. ஆட வேண்டிய ஆட்டங்கள் இல்லாமல் அவன் தேய்ந்துபோகிறான். வீட்டாருக்குச் சோறு போட வேண்டியவன் வேறு வேலைக்குப் போகிறான்.

இது டில்லியிலுள்ளவர்களின் காரியம், நாம் என்ன செய்வது என்று நேயர்கள் இருந்துவிடலாகாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளையும் எடுத்துக்கொள்வோம். மாஹியில் கால்பந்து ஜனங்களின் இரத்தத்திலேயே ஊறியது. மற்ற மூன்று இடங்களிலும் மாலைதோறும் பையன்கள் பந்தை உதைக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியவை மூன்று. ஒவ்வொரு பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்தில் கட்டடமெழும்பாத ஒரு மைதானம் வேண்டும். பத்து வயது முதல் பதினாறு வயது வரையில், வருஷத்துக்கு முப்பது ஆட்டங்களாவது கிடைக்கும்படி பள்ளிகளுக்கிடையே ஒழுங்கான போட்டி வேண்டும். ஒரு குடும்பத்தைக் காக்கப் போதுமான சம்பளத்துடன் பயிற்சியாளர்கள் வேண்டும். ரஹீம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதை மறக்க வேண்டாம். செலவாகும் பணத்தின் கணக்கை வருஷந்தோறும் ஜனங்கள் முன் பிரசுரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் தேர்தல் காலத்தில் வோட்டுக் கேட்டு வரும் அபேட்சகர்களிடம் இம்மூன்றையும் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய வாக்குறுதியை ஆறு மாதத்துக்கொருமுறை நினைவூட்டவும் வேண்டும். உற்சவத்துக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் தாராளமாகக் கொடுக்கும் தனவந்தர்கள் தங்கள் தெருவிலுள்ள பள்ளி மைதானத்தை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

அடுத்த உலகக் கோப்பையின்போதும் கடற்கரையில் தர்க்கம் நடக்கும், நடக்கட்டும். பிரான்ஸ் நன்றாக ஆடினால் நாமும் கைதட்டுவோம். ஆனால் அக்கூட்டத்தில் ஒரு சிறு பையன், இந்தியா எப்போது ஆடும் என்று கேட்பானானால், பெரியவர்கள் சிரிக்காமல் பதில் சொல்லக் கூடிய நிலைமையை உண்டாக்குவது நமது கடமை. வெறுங்காலுடன் பிரான்ஸைத் திணற வைத்தவர்களின் சந்ததிக்கு இது செய்யக்கூடாத காரியமன்று.