அம்மாச்சி டேப்புல இருக்காங்க!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா என்ன பண்ணுவீங்க? தூங்குவீங்க, சாப்பிடுவீங்க, மறுபடியும் தூங்குவீங்க. நானும் அதே பிளானோடதான் உப்பூர்ல இருக்கிற மாமா வீட்டுக்குப் போனேன். தேவிபட்டினம் தாண்டி தொண்டி போற ஈ.சி.ஆர். ரோட்டுல, வெயிலுகந்த விநாயகர் கோயில் இருக்கே... அதே உப்பூர்தான். ஊர் பேர்லயும் உப்பு, காத்துலயும் உப்பு. இந்த உப்புதான் நம்ம கதையில வில்லன்!

மாமா ஒரு காலத்துல டி.டி.பி. சென்டர் வெச்சிருந்தார். 2002-ல அம்மாச்சியை மைக் முன்னாடி உட்கார வெச்சு, அவங்க பாடுற தாலாட்டு, நடவுப் பாட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணியிருக்கார். அப்புறம் ஒருநாள் ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. வேற டிஸ்க் மாட்டினவர், 'பாட்டுதான் பேக்கப் டேப்புல பத்திரமா இருக்கே'னு விட்டுட்டார். இப்போ அம்மாச்சி இல்லை. மிச்சம் இருக்கிறது ஆடியோ கேசட்டைவிடச் சின்னதா ஒரு 'டாட்' டேப், என்னைவிட வயசுல மூத்த ஒரு டேப் டிரைவ், ஒரு விண்டோஸ் 2000 கம்ப்யூட்டர்.

"இன்ஜினீயரிங்தானே படிக்கிறே மாப்ள... ஓட விடேன்!" - மாமா டேப்பை உள்ளே தள்ளப் போனார். பாய்ஞ்சு போய்த் தடுத்தேன்.

முதல் பாடம் இதுதாங்க. பழைய டிரைவுல உங்க ஒரே டேப்பை முதல்ல போடவே கூடாது! உள்ளே வீடியோ டெக்குல இருக்கிற மாதிரி ஒரு உருளை சுத்தும். அதுமேல டேப் வளைஞ்சு போகும். டிரைவ் மக்கர் பண்ணினா டேப்பைக் கடிச்சுத் துப்பிடும்.

ஆன் பண்ணினா டிரைவுல லைட் எரியுது. ஆனா கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறதே தெரியலை. ஆஃப் பண்ணிட்டு கேபிளைக் கழட்டினேன். பின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பை அரிக்கும். மொபைல் சர்வீஸ் கடையில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சால துடைச்சு, நல்லா காய வெச்சேன். அப்பவும் நோ ரெஸ்பான்ஸ்!

அப்புறம்தான் கவனிச்சேன். டிரைவ் பின்னாடி ரெண்டு வாய். ஒண்ணுல கேபிள், இன்னொண்ணு காலி. அங்கே 'டெர்மினேட்டர்' இருக்கணும். அர்னால்டு இல்லை பாஸ்! ஸ்கஸி கேபிளோட கடைசியில மாட்டுற சின்ன அடைப்பான். அது இல்லைன்னா, சுவர்ல மோதின அலை திரும்பி வர்ற மாதிரி சிக்னல் திரும்பி வந்து குழப்பிடும். வீடு மாத்தும்போது கழண்டதை மாமா நட்டு போல்ட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தார். மாட்டினேன்... டிரைவ் பேர் ஸ்கிரீன்ல வந்துச்சு!

அடுத்து மஞ்சள் லைட் சிமிட்டல். 'தலையைச் சுத்தம் பண்ணு'ங்கிறதுக்கு அதுதான் அர்த்தம். விரலை விட்டுத் தேய்ச்சுடாதீங்க, அதுக்குன்னு க்ளீனிங் கேசட் இருக்கு. போட்டதும் தானே ஓடி, தானே வெளியே வந்துடும். அப்புறம் வேண்டாத ஒரு டேப்புல ஏதோ ஒரு ஃபைலை எழுதி, திரும்பப் படிச்சுப் பார்த்தேன். ஓகே!

கடைசியாத்தான் அம்மாச்சி டேப். அழிஞ்சுடாம இருக்க ஓரத்துல இருக்கிற பூட்டைத் தள்ளி வெச்சுட்டு உள்ளே விட்டேன். கர்ர்ர்... மாமா மூச்சே விடலை. ஏழு ஃபைல்ல அஞ்சு வந்துச்சு. ரெண்டு 'ரீட் எரர்'. தலையை மறுபடி சுத்தம் பண்ணியும் வரலை. முதல் ஃபைலைத் தட்டினேன். பாட்டுக்கு முன்னாடி, "ஓடுதாப்பா?"னு அம்மாச்சி குரல். மாமா எழுந்து வாசலுக்குப் போயிட்டார்.

டேப் ஒண்ணும் மட்டமான சாமான் இல்லை ஃப்ரெண்ட்ஸ். 2011-ல ஒரு சாஃப்ட்வேர் கோளாறால ஜிமெயில்ல சிலரோட மெயிலெல்லாம் காணாமப் போனப்போ, கூகுள் அதையெல்லாம் டேப்புல இருந்துதான் மீட்டுச்சு. அதே டேப்பைக் கவனிக்காம விட்டா? அப்போலோ 11 நிலாவுல இறங்கினப்போ பதிவான ஒரிஜினல் டேப்புகளை அழிச்சு, மறுபடி பயன்படுத்தியிருக்கலாம்னு 2009-ல நாஸாவே சொல்லுச்சு.

எடுத்து வெச்சா மட்டும் அது பேக்கப் இல்லீங்க. திரும்ப எடுத்துப் பார்த்தாத்தான் பேக்கப்! மாமா அன்னிக்கே ஒரு தடவை இறக்கிப் பார்த்திருந்தா, அந்த ரெண்டு பாட்டும் அநேகமா கிடைச்சிருக்கும்.

உங்க பாட்டி குரல், அப்பாவோட பழைய போட்டோ, உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்... எதுல இருக்கு? பென் டிரைவா, பழைய சி.டி.யா? இன்னிக்கு ராத்திரியே திறந்து பாருங்க. திறந்துச்சுன்னா இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி போட்டுடுங்க. திறக்கலையா? பதறாதீங்க... முதல்ல கேபிளைப் பாருங்க!