கிருமி மாண்டாலும் நஞ்சு மாள்வதில்லை

சமைத்த உணவு கெட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், ‘இன்னொரு முறை நன்றாகக் கொதிக்க வையுங்கள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வறிவுரை பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்தானது என்பதே என் கருத்து.

இப்பிழையில் மொழிபெயர்ப்பாளனுக்கும் பங்குண்டு. நோய் தரும் பாக்டீரியாவையும், அது சுரக்கும் நஞ்சையும் ‘நச்சுக்கிருமி’ என்ற ஒரே சொல்லால் நான் பல ஆண்டுகள் எழுதி வந்தேன். கிருமி செத்தால் நஞ்சும் ஒழிந்தது என்று படிப்பவர் கொள்வது இயல்புதானே?

ஐதராபாத் நகரில் 2024 அக்டோபரில் மோமோ உண்ட பலர் நோயுற்றனர். ஒரு பெண்மணி இறந்தார். உடன் பரிமாறிய மயோனைஸ் மீது ஐயம் எழுந்தது. பச்சை முட்டையாற் செய்யும் மயோனைஸுக்கு அம்மாதம் 30-ஆம் தேதி தெலங்கானா அரசு ஓராண்டுத் தடை விதித்தது. பச்சை முட்டையில் அஞ்சத்தக்கது சால்மொனெல்லா. அது உயிருடன் குடலிற் புகுந்து நோய் செய்வது, வேகவைத்தால் மாள்வது. ஆகவே அத்தடை நியாயமே. ஆனால் அதிலிருந்து, வெந்தவை யாவும் தீங்கற்றவை என்ற முடிவுக்கு வரலாகாது.

ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா நம் மூக்கிலும், தோலிலும், கைக் கொப்புளத்திலும் வாழ்வது. சமைத்தபின் கைபட்ட உணவு வெதுவெதுப்பாகச் சில மணி நேரம் கிடந்தால், அது பெருகி நஞ்சைச் சுரக்கிறது. மீண்டும் கொதிக்க வைத்தால் பாக்டீரியா மாளும். நஞ்சோ அரைமணி நேரக் கொதிப்பையும் தாங்கும். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் பார்பர் என்ற ஆய்வாளர், பசுவின் பாலைத் தாமே அருந்தி நோயுற்று, 1914-இல் இவ்வுண்மையை வெளியிட்டார்.

சோற்றுக்கும் பிரியாணிக்கும் உரிய பகைவன் பாசில்லஸ் சீரியஸ். அதன் வித்துக்கள் சமையற் சூட்டிலும் பிழைத்து, ஆறிய சோற்றில் முளைக்கின்றன. அது சுரக்கும் வாந்தி நஞ்சும் கொதிநீரில் அழிவதில்லை. எல்லா நஞ்சும் இத்தகையன அல்ல. மிகக் கொடிய பாட்டுலினம் நஞ்சு கொதித்தாற் சிதைந்துவிடும்.

பள்ளி மதிய உணவை ஆசிரியர் ஒருவர் முன்னதாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். எனினும் இந்நஞ்சுகளுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. நாவை நம்புவதைவிட, எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள், அதுவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஆசிரியர் கேட்பது பயன் தரும். உணவு 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கவேண்டும். அன்றேல் விரைவிற் குளிர்ந்து 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். சமைப்பவர் விரலில் சீழ்க்கட்டி உண்டா என்றும் பார்க்கலாம். இருந்தால் அன்று வேறு பணி கொடுக்கலாம்; கூலியைப் பிடித்தால் மறுமுறை கட்டியை மறைப்பார்.

கள ஊழியருக்கு ஒன்று. மறுபடி சூடேற்றிய உணவின் மாதிரியை வளர்ப்புச் சோதனை செய்தால் உயிருள்ள பாக்டீரியா கிட்டாமற் போகலாம். ‘கிருமி இல்லை’ என்று ஆய்வுச்சாலை எழுதியனுப்பினால், நஞ்சையும் தேடினீர்களா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதவேண்டும்.