தெருப் பெயரைத் தொலைத்தவர் யார்?

ஆண்டுமலர் என்று ஒன்று வெளிவந்தால் அதில் ஊர்நினைவுக் கட்டுரை ஒன்று இடம்பெறாமற் போவதில்லை. திருப்பதியையோ சித்தூரையோ விட்டு வந்து ஆண்டு பலவாகிவிட்ட அன்பர் ஒருவர், தாம் பிறந்த தெருவையும், தாம் குளித்த குளத்தையும், மாலை வேளைகளில் நண்பரோடு அமர்ந்த சத்திரத்துத் திண்ணையையும் உருக்கத்தோடு எழுதுவார். முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: எங்கள் தெருக்களின் பெயரை மாற்றிவிட்டார்கள்; தமிழை அழித்துவிட்டார்கள்; எங்கள் ஊர் இன்று எங்கள் ஊராக இல்லை. படிப்போரும் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவர்.

இந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘மாற்றிவிட்டார்கள்’ என்னும் வினைமுற்றுக்கு எழுவாய் யாது என்று இலக்கணம் கற்ற எவரும் கேட்பர். தோன்றா எழுவாயாக அது மறைந்து நிற்பது எழுதுவோர்க்கு வசதியாக இருக்கிறது. தெலுங்கர் என்று சொல்லாமற் சொல்லிவிடலாம். ஆந்திர அரசு என்று குறிப்பால் உணர்த்திவிடலாம். அந்த எழுவாயை வெளியே இழுத்துக் காட்டினால் அங்கே பெரும்பாலும் நம் முகமே தெரியும் என்பது என் வழக்கு.

எல்லைப் பூசலின் வரலாற்றை நான் மறந்து பேசவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. வடார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமான பின்னரே அப்பெருமை வேலூருக்குப் போயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி நம்மிடம் வந்தது. திருப்பதி வரவில்லை. சித்தூரும் வரவில்லை. அது அரசியல் இழப்பு. அதைப் பற்றி வருந்துவோர் வருந்தலாம். ஆனால் எல்லைக்கோட்டை வரைவது ஆணையம். தெருப்பெயரை வழங்குவது வாய். ஆணையம் வாயைப் பூட்டிவிட்டுப் போகவில்லை.

திருப்பதித் தெருக்களை ஒருமுறை மனத்தால் சுற்றி வருவோம். கோவிந்தராசர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகள் இன்றும் மாட வீதிகளே. இராமானுசர் 1130இல் இந்நகரை அமைத்தார் என்பது ஊரார் போற்றும் மரபு. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் அதையே நகரத்தின் பிறந்தநாளாகத் திருப்பதியார் விழா எடுத்துக் கொண்டாடினர். விழா எடுத்தவர் தெலுங்கர். போற்றப்பட்டவர் திருப்பெரும்பூதூரில் பிறந்தவர். தீர்த்தக்கட்ட வீதி, பேரி வீதி, கர்ணால வீதி, பண்டல வீதி என்னும் பெயர்களைப் பாருங்கள். பண்டி என்றால் வண்டி. வண்டித் தெருவே பண்டல வீதி. கர்ணம் என்பவர் ஊர்க்கணக்கர். பேரிச் செட்டியார் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய வணிகக் குடியினர். இவற்றுள் எது தூய தமிழ், எது தூய தெலுங்கு என்று பிரித்துத் தருவோர்க்கு நான் தலைவணங்குவேன். இப்பெயர்கள் இருமொழி பேசிய மக்களின் வாயில் விளைந்தவை. அவற்றை இன்றுவரை காத்து வருவோர், அத்தெருக்களை விட்டு அகலாது அங்கேயே இருந்தோர். நாமோ அவற்றை விட்டு வந்தோம். வந்ததோடு மறந்தும் போனோம்.

மலைமேல் ஏறினால் வியப்பு இன்னும் மிகும். கருவறை வாயிற்படியின் பெயர் குலசேகரப்படி. அதை மாற்ற எவரும் முயன்றதாக நான் அறியேன். தெலுங்கு மட்டுமே அறிந்த அடியாரும் அப்பெயராலேயே அதைக் குறிப்பர். மார்கழியில் சுப்ரபாதம் நின்று, திருப்பாவை ஒலிப்பது அங்கேதான். அடிவாரத்து அலிபிரிக்குப் பெயர்க் காரணம் கூறுவோருள் அடிப்படி என்பார் சிலர். திருமலை நம்பியிடம் இராமானுசர் இராமாயணம் கேட்ட இடத்துப் புளியமரத்தை நினைந்து அடிப்புளி என்பார் சிலர். எது சரியென்று தீர்ப்புக் கூற நான் மொழிநூலறிஞன் அல்லன். எனினும், கல்வெட்டுகள் பற்றி ஐயமே இல்லை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் உழைப்பால் 1930களில் தேவஸ்தானமே தொகுதி தொகுதியாக வெளியிட்ட திருமலைக் கல்வெட்டுகளுள் மிகப் பல தமிழிலேயே உள்ளன. 966ஆம் ஆண்டில் சாமவை என்னும் பல்லவப் பெருந்தேவி வெள்ளித் திருமேனி செய்தளித்த செய்தி அவற்றுள் ஒன்று. அத்தொகுதிகளை நம் சங்க நூலகங்களுள் எத்தனை வாங்கி வைத்திருக்கின்றன? வடவேங்கடம் எமது என்று மேடையில் முழங்குவோர், சாமவை யார் என்று கேட்டால் விழிப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் எதுவுமே அழியவில்லையா? அழிந்தது. அழிந்ததைப் பற்றித்தான் நாம் வாய் திறக்கவில்லை.

திருமலைக் கோயிலின் பெருவாயிலுக்கு எதிரே ஆயிரங்கால் மண்டபம் ஒன்று நின்றது. 1464இல் சாளுவ மல்லையதேவன் எடுப்பித்தது. நடந்து வந்த கால்கள் இளைப்பாறியதும், பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் தேடிக் கண்டதும், குழந்தைக்கு மொட்டையடித்த கையோடு தாய்மார் அமர்ந்து சோறு ஊட்டியதும் அதன் நிழலில்தான். 2003ஆம் ஆண்டில், கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்னும் காரணத்தால், அது இடித்து அகற்றப்பட்டது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோரும் கடை வைத்திருந்தோரும் இடம்பெயர்க்கப்பட்டனர். இதை எதிர்த்துக் குரல் எழுப்பிய உள்ளூர்த் தெலுங்கு அன்பர்கள் உண்டு. அந்த ஆண்டு நம்மவர் மலர்கள் சிலவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வாழ்த்துரைகள் இருந்தன, விளம்பரங்கள் இருந்தன, மண்டபம் இல்லை.

அடுத்து, எழுத்துச் சுருக்கம் என்னும் கொள்ளைநோய். கபில தீர்த்தத்துக்குப் போகும் சாலை ‘கே.டி. ரோடு’ ஆயிற்று. சைவர்க்கு அது கபில முனிவர்க்குச் சிவபெருமான் காட்சி தந்த தீர்த்தம். வைணவர் அதை ஆழ்வார் தீர்த்தம் என்றனர். இரு சமயத்தாரும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு நீர்நிலைக்காக நடத்திய உரிமை வழக்கு முழுவதும் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்கிப் போயிற்று. முத்தியாலரெட்டிப்பள்ளி ‘எம்.ஆர். பள்ளி’ ஆயிற்று. வானொலி நிலையத்தை ஒட்டிய புறவழிச்சாலைக்கு ‘ஏ.ஐ.ஆர். பைபாஸ்’ என்பதைவிட நல்ல பெயர் எவர்க்கும் தோன்றவில்லை. இவை அரசாணையால் வந்தவை அல்ல. நாம், நம் பிள்ளைகள், நமக்கு முகவரி எழுதியோர் என எல்லோருமாகச் சேர்ந்து செய்த வேலை. கபில தீர்த்தம் என்று முழுதாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒருகணம் ஆகுமா?

திறப்பதற்கு முன்பே பெயர் மாறிய வேடிக்கையும் உண்டு. திருப்பதியின் மேம்பாலம் கருட வாரதி என்னும் பெயரோடு எழத் தொடங்கி, 2023 செப்டம்பரில் ஸ்ரீநிவாச சேது என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. இங்கே தமிழும் தோற்கவில்லை, தெலுங்கும் வெல்லவில்லை. சித்தூர்ப் பக்கத்து வாயல்பாடு அரசு ஏடுகளில் வால்மீகிபுரம் ஆனதும் இவ்வாறே. வயலும் பாடும் எந்தத் தமிழனுக்கும் விளங்கும் சொற்கள்; தெலுங்கு உழவனுக்கும் வாயல்பாடு என்பதே வாயில் வரும். மேலிருந்து இறங்கும் பெயர்களெல்லாம் இவ்விரு மொழியையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டு, புராணத்தை நாடிப் போகின்றன. தெலுங்கரைப் பகைவராக எண்ணி நாம் எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில் குறி தவறுகின்றன.

சித்தூருக்கு வருவோம். கிரீம்ஸ்பேட்டை ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. அதை மாற்றவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சந்தைப்பேட்டையும் முரகம்பட்டும் இருக்கின்றன. கட்டமஞ்சி இருக்கிறது. அவ்வூரில் பிறந்து, 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான இராமலிங்கா ரெட்டியார், ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே நிறுத்திக் கட்டமஞ்சி ராமலிங்காரெட்டி என்றே வாழ்ந்தார். நம் பக்கத்திலும் அவ்வழக்கம் இருந்தது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையைத் தமிழிசை அன்பர் மறக்கமாட்டார்கள். சித்தூர் நாகையா குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவராயினும், சித்தூரில் நாடகமேடை ஏறியதால் அவ்வூரைப் பெயரோடு ஒட்டிக்கொண்டார். 1945இல் வந்த ‘மீரா’ என்னும் தமிழ்ப் படத்தில் அவர் ராணாவாக நடித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். ஊர்ப்பெயரை முதலெழுத்தாக வைத்திருந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! வெளிநாட்டுப் பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் இடமில்லை என்று அதை நாமே வெட்டி எறிந்தோம். பேரனுக்கு அந்த ‘சி’ எதைக் குறித்தது என்று தெரியாது. இதற்கும் ஆந்திர அரசா பொறுப்பு?

என் நண்பர் ஒருவர், இக்கருத்தைக் கேட்டுவிட்டு, ‘அந்தத் தெருக்களின் நினைவே வேண்டாம், அவை சாதித் தெருக்கள்’ என்றார். இது தள்ளிவிடத்தக்க வாதம் அன்று. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை கோயிலுக்குள் புகும் உரிமை அற்றிருந்தோர்க்கு, மாட வீதி இனிய நினைவாக இருந்திருக்க முடியாது. நம் நினைவுக் கட்டுரைகளில் அக்கிரகாரமும் அங்காடித் தெருவும் வருகின்றனவேயன்றி, ஊர்க் கோடியில் இருந்த சேரி ஒருபோதும் வருவதில்லை. தமிழ்நாட்டில் 1970களின் இறுதியில் தெருப்பலகைகளிலிருந்து சாதிப்பெயர்கள் நீக்கப்பட்டன; 2025 அக்டோபரில் மீண்டும் ஓர் ஆணை வந்தது. பலகையில் சாதி இருத்தலாகாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏட்டில் அது இருந்தே ஆகவேண்டும். யார் எங்கே குடியிருந்தார், யார் எங்கே போகக்கூடாதவராக இருந்தார் என்பதைத் தெருப்பெயரைப் போல நேர்மையாகச் சொல்லும் சான்று வேறில்லை. பெயரோடு குற்றமும் மறைந்துவிடுவது குற்றவாளிக்குத்தான் நன்மை.

எல்லாரும் கலந்து நின்ற இடமும் ஒன்று உண்டு: தாத்தையகுண்ட கங்கையம்மன் திருவிழா. குண்ட என்பது நம் குட்டையே. விழாவின் அறிவிப்புக்குத் தெலுங்கில் சாட்டிம்பு என்று பெயர். காப்புக் கட்டிப் பண்டிகை சாட்டுதல் என்று நம் சிற்றூர்களில் வழங்குவது அதுவேயன்றோ? வேடம் புனையும் உரிமை பெற்ற குடும்பத்தார்க்குக் கைக்கால என்று பெயர். அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கைக்கோளர் நினைவு வருகிறது. கோவிந்தனின் தங்கையாம் கங்கையம்மன். ஆண்டுதோறும் அண்ணன் வீட்டிலிருந்து மஞ்சளும் குங்குமமும் வருகின்றன. சென்னையிலிருந்து புரட்டாசியில் வெண்குடைகளோடு நடந்து மலையேறுவோரைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். இவ்விழாவைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு.

பலகை மாறினால் பெயர் சாகாது என்பதற்குச் சென்னையே சான்று. அண்ணா சாலை என்று எழுதியிருக்கும். மவுண்ட் ரோடு என்று வண்டி ஏறுவோம். இதற்கு மறுதலை இரங்கூன். அங்கே செட்டியார் கடைகள் நிறைந்திருந்த மொகல் தெரு, ஷ்வே பொந்தா தெரு ஆயிற்று. மொகல் தெரு என்று சொல்லும் வாய்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்துவிட்டன. அவர்கள் பேரர்கள் பர்மா பஜாரை அறிவார்கள், மொகல் தெருவை அறியமாட்டார்கள். நாம் போய்க்கொண்டிருக்கும் வழி அதுதான். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் முதல் திருப்பதி தனி மாவட்டம்; அதன் பின்னும் ‘சித்தூர் மாவட்டத்துத் திருப்பதி’ என்றே அழைப்பிதழ் அச்சிடுகிறோம். ஊரை விட்டது மட்டுமன்று, ஊரைக் கேட்பதையும் விட்டுவிட்டோம் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டா.

ஆகவே, மலர்க்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் எட்டை எடுத்துக்கொள்க. சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, காளத்திப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்களில் எழுபது கடந்தோர் ஒவ்வொருவரிடமும் ஓர் ஆளை அனுப்புக. அவர் வாழ்ந்த தெருவின் பெயர் என்ன, வீட்டில் எவ்வாறு சொன்னார்கள், கடையில் எவ்வாறு சொன்னார்கள், அடுத்த தெருவில் யார் இருந்தார்கள், எந்தத் தெருவுக்குள் யார் நுழையக்கூடாது என்றார்கள், எந்தக் குளம் தூர்ந்தது, எந்தத் திண்ணை இடிந்தது எனக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக. தெலுங்குச் சொல் வந்தால் திருத்தற்க. கேட்கப் போகிறவர் அந்தந்த வீட்டுப் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கட்டும். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையாயின், பாட்டி சொல்லச் சொல்லப் பக்கத்தில் அமர்ந்து அன்னையே எழுதட்டும். மலர் அச்சுக்குப் போகும் நாளை நோக்கினால், இப்பணியை ஆடிக்குள் தொடங்கியாக வேண்டும்.