ஒரு விசைப்பலகையின் விலை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் பேருந்துகள் புறப்படும் ஓசை, விடிவதற்கு முன்பே எங்கள் தெருவை எட்டிவிடும். சில மாதங்களாக அந்த ஓசைக்கும் முன்பாக வேறோர் ஓசை என்னை எழுப்பி வருகிறது. மாடி அறையில் கணினி விளையாட்டில் மூழ்கியிருக்கும் என் பேரனின் விசைப்பலகையிலிருந்து எழும் ஓசை அது. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "தாத்தா, இந்தக் கீபோர்டை மாத்தணும். நல்லதா ஒண்ணு வாங்கினா பதினெட்டாயிரம் ஆகும்" என்றான்.

நான் உடனே மறுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பயன்பாட்டுக் கோட்பாட்டைப் போதித்தவன், சொந்த வீட்டில் கணக்குப் பார்க்காமல் 'கூடாது' என்று சொல்வது முறையாகாது. கேட்கப்படும் பொருள்களை ஒப்பிட்டு எழுதித் தா என்றேன். அவன் எழுதித் தந்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்தவற்றையும் வைத்து எழுதப்படுவதே இக்கட்டுரை. பதினெட்டாயிரம் ரூபாய் என்பது, எங்கள் பகுதிக் கடைகளில் வேலை செய்யும் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அத்தொகையை மாதத் தவணையில் செலுத்த இளைஞர்கள் முன்வருகிறார்கள் என்றால், அது ஒரு வீட்டின் பிரச்னை மட்டுமல்ல.

அலுவலகங்களில் நாம் காணும் சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்புதான் இருக்கும். மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச், அதற்குள் தனித்தனி சுருள்வில். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகை சுவிட்சுதான் இத்துறையின் அளவுகோல். அதன் சிவப்பு வகை, நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியது. இரண்டாவது மில்லிமீட்டரிலேயே அழுத்தம் பதிவாகிவிடும். பழுப்பு வகையில் விரலுக்கு ஒரு சிறு தடை தெரியும். நீல வகையில் அத்தடையோடு 'டிக்' என்ற ஒலியும் எழும். என் தூக்கத்தைக் கலைத்தது இந்த நீல வகைதான் என்பது பின்னரே புரிந்தது.

இதில் முதல் பொருளியல் பாடம் ஒன்று உண்டு. செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் சுவிட்சுகளைத் தயாரிக்கத் தொடங்கின. ஏகபோகம் உடைந்ததும் விலை இறங்கியது, தரமும் கெட்டுவிடவில்லை. அதனால்தான் இன்று இந்திய வணிகப் பெயர்களில் வரும் மெக்கானிக்கல் விசைப்பலகைகளை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வாங்க முடிகிறது. அப்படியிருக்க, பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரத்துக்கும் மேல் விலை சொல்லப்படும் உயர்வகைப் பலகைகள் கூடுதலாக எதைத் தருகின்றன?

அவை தருவது காந்தம். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டு, விசைக்குள் இருக்கும் சிறு காந்தம் எவ்வளவு இறங்கியது என்பதைப் பலகை தொடர்ந்து அளக்கிறது. எந்த ஆழத்தில் அழுத்தம் பதிவாக வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்யலாம். விரலைச் சற்றே தூக்கினாலும் விசை விடுபட்டதாகக் கணக்கிடும் 'ரேபிட் டிரிக்கர்' என்ற வசதியும் உண்டு. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பரவலாக்கிய இவ்வசதி வெறும் விளம்பரமல்ல. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஓடுபவர் சட்டென்று நின்று சுட வேண்டியிருக்கிறது. பழைய சுவிட்சில் விசை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் திரும்பினால்தான் ஓட்டம் நிற்கும். அந்தக் காத்திருப்பை இது நீக்குகிறது.

என் பேரனின் ஒப்பீட்டில் மூன்று பலகைகள் இருந்தன. வூட்டிங் 60எச்இ, சுமார் 175 டாலருக்கு விற்கப்படுவது, சிறியது, பழுதான சுவிட்சை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். ஸ்டீல்சீரிஸ் அபெக்ஸ் புரோ, விசையின் ஆழத்தை மாற்றும் வசதியை 2019-இலேயே பெரும் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலையில் ஒரு குட்டித் திரையும் உண்டு. ரேசர் ஹன்ட்ஸ்மேன் வி3 புரோ, காந்தத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு அளப்பது. விளையாடும் வசதியில் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். வேறுபாடு பழுதுபார்ப்பில்தான் இருக்கிறது. ஆனால், விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது அதுவல்ல, மில்லி நொடி.

அந்த மில்லி நொடியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வழக்கமான விளையாட்டுப் பலகை நொடிக்கு 1,000 முறை கணினிக்குத் தகவல் சொல்லும். அதாவது ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை. உயர்வகையில் சில 8,000 முறை சொல்கின்றன, அதாவது 0.125 மில்லி நொடிக்கு ஒருமுறை. மிச்சமாவது அதிகபட்சம் 0.875 மில்லி நொடி. கண்ணால் ஒன்றைப் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 200 மில்லி நொடி ஆகிறது. நொடிக்கு 60 முறை மாறும் சாதாரணத் திரையில் ஒரு காட்சி மாற 16 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. மதுரையிலிருந்து மும்பையில் உள்ள சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப இன்னும் சில பத்து மில்லி நொடிகள். கண்மாயின் மடை குறுகலாக இருக்கும்போது வாய்க்காலை மட்டும் அகலப்படுத்துவதால் வயலுக்குக் கூடுதல் தண்ணீர் வராது. பழைய திரையையும் தடுமாறும் இணைய இணைப்பையும் வைத்துக்கொண்டு விசைப்பலகையில் ஒரு மில்லி நொடியை விலைக்கு வாங்குவது அத்தகைய செயலே.

ஆயுள் பற்றிய வாக்குறுதியும் அப்படித்தான். ஒரு சுவிட்ச் பத்துக் கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்கிறார்கள். ஒரே விசையை நாளொன்றுக்குப் பத்தாயிரம் முறை அழுத்தினாலும் அது 27 ஆண்டுகளுக்குப் போதும். அதற்கு வெகுகாலம் முன்பே கம்பி, இணைப்பு முனை, மின்சுற்று ஆகியவற்றில் ஒன்று பழுதாகிவிடும். எனவே, ஐந்து கோடியா, பத்துக் கோடியா என்ற ஒப்பீடு வாங்குபவருக்குப் பயனற்றது. பழுதானால் மதுரையில் சரிசெய்து தருவார்களா என்பதே பயனுள்ள கேள்வி.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது, முன்னால் நிற்பவர் தோளில் குழந்தையை ஏற்றினால் பின்னால் நிற்பவரும் ஏற்றியாக வேண்டும். கடைசியில் எல்லோருடைய தோளும் வலிக்கும். யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியாது. போட்டியாளரைவிட ஒருபடி மேலே இருப்பதற்காக மட்டுமே வாங்கப்படும் பொருள், எல்லோரிடமும் வந்தவுடன் தன் மதிப்பை இழந்துவிடுகிறது. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் 'ஸ்னாப் டேப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. எதிரெதிர்த் திசைக்கான இரு விசைகள் ஒருசேர அழுத்தப்பட்டால், கடைசியாக அழுத்தியதை மட்டும் அது ஏற்கும். மனிதத் திறமை செய்ய வேண்டியதை மென்பொருள் செய்துவிடுகிறது என்று கூறி, அடுத்த மாதமே வால்வ் நிறுவனம் தன் கவுன்டர்-ஸ்டிரைக் விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களில் அதற்குத் தடை விதித்தது. ஜூலையில் அந்த வசதிக்காகவே பணம் கொடுத்தவர், ஆகஸ்டில் அந்த விளையாட்டில் அதைப் பயன்படுத்த முடியாமல் போனது. விளையாட்டின் விதியை எழுதுபவர் வேறு. கருவியை விற்பவர் வேறு. இடையில் நிற்கும் நுகர்வோருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதற்காக இளைஞர்களின் ஆர்வத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 2025-இல் பிகாரில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அவை காட்சி விளையாட்டாக இடம்பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ததோடு, மின்விளையாட்டை முறையான போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. ஆனால், இந்தியாவில் பெரும்பாலானோர் விளையாடுவது கைப்பேசியில். விசைப்பலகை வைத்து விளையாடுவோர் அவர்களில் சிறு பகுதியினர். அதிலும் போட்டி அளவுக்கு உயர்வோர் மிகச் சிலர். அந்தச் சிலருக்கு உயர்வகைக் கருவி தேவைதான். அதை விளையாட்டு ஆணையமோ அணியோ பொதுவில் வாங்கிப் பயிற்சிக்குத் தரலாம். மட்டையும் வலையும் பொதுவில் கிடைக்கும்போது விசைப்பலகை கிடைக்கக் கூடாதா?

விலை உயர்வுக்கு வரிதான் காரணம் என்ற வாதமும் முழு உண்மையல்ல. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி, கணினி விசைப்பலகைகளுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. சரக்கு, சேவை வரி 18 சதவீதம். பதினெட்டாயிரம் ரூபாயில் அதன் பங்கு ஏறத்தாழ 2,746 ரூபாய். மீதமுள்ள பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் உற்பத்திச் செலவோடு விநியோகஸ்தர் லாபம், விளம்பரம், வணிகப் பெயரின் மதிப்பு ஆகியவையும் அடங்கியிருக்கின்றன.

இந்த ஒப்பீடுகள் எதிலும் எழாத கேள்வி ஒன்று என்னை உறுத்துகிறது. இவற்றில் தமிழ் எங்கே? விசைகளின் வரிசை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், அதைவிடச் சிறந்தது வந்தாலும் மாறுவது கடினம் என்று 1985-இல் பால் டேவிட் எழுதிய கட்டுரை, பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்தது. 1870-களின் தட்டச்சுப் பொறிக்காக அமைந்த ஆங்கில எழுத்து வரிசையை இன்றைய காந்த சுவிட்சும் சுமந்துகொண்டிருக்கிறது. லீபோவிட்சும் மார்கோலிசும் 1990-இல் அக்கருத்தை மறுத்தார்கள். பழைய வரிசை அவ்வளவு மோசமானதல்ல என்பது அவர்கள் வாதம். அந்த விவாதத்தின் முடிவு எதுவானாலும், பழக்கம் எவ்வளவு வலிமையானது என்பதற்குத் தமிழே சான்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என 31 எழுத்துகளுக்கான விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். கால் நூற்றாண்டு கடந்த பின்னும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தை அழுத்தித்தான் 'அம்மா' என்று எழுதுகிறார்கள்.

மதுரைத் தெருக்களில் தட்டச்சுப் பயிலகங்களின் ஓசை கேட்காத மாலை இல்லை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்று ஆங்கிலத் தட்டச்சில் தேறிய சான்றிதழ், எத்தனையோ ஏழை வீட்டுப் பெண்களை அரசு அலுவலக நாற்காலியில் அமர்த்தியது. அந்த இயந்திரம் வீட்டுக்குச் சொந்தமல்ல, பயிலகத்துக்குச் சொந்தம். கட்டணம் செலுத்தி ஒருமணி நேரம் தட்டினார்கள். கருவி பொது, திறமை மட்டும் சொந்தம். இன்று கருவி சொந்தமாகிவிட்டது. பத்து விரலாலும் பார்க்காமல் தட்டும் திறமைதான் குறைந்துவிட்டது.

செய்யக்கூடியவை சில உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தொடங்கியது. அந்த முயற்சி கணினித் துணைக் கருவிகளுக்கும் விரிந்து, சுவிட்சை மாற்ற முடியுமா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பவை பெட்டியின் மீதே அச்சிடப்பட வேண்டும். மில்லி நொடி பற்றிய விளம்பரங்கள், அந்த வேகம் எந்தத் திரையில், எந்த இணைப்பில் பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்து பொறித்த தரமான விசைமூடிகளை அரசு தன் கொள்முதலில் ஒரு நிபந்தனையாக்கினால், சந்தை தானாக உருவாகும்.

என் பேரனிடம் சொன்ன முடிவு இது: சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளூரில் உத்தரவாதம் உள்ள, நான்காயிரம் ரூபாய்ப் பலகை ஒன்று, ஓசை எழுப்பாத வகை. மிச்சமாகும் பதினான்காயிரத்தை அவன் பெயரில் அஞ்சலகத்தில் போடுகிறேன். கல்லூரி அணிக்குத் தேர்வாகி மாநிலப் போட்டிக்குப் போனால், அந்தப் பணத்தை எடுத்துக் காந்தப் பலகையே வாங்கிக்கொள்ளலாம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ செலெக்ஷன் வரைக்கும் ராத்திரி பன்னெண்டுக்குள்ள படுத்துடுறேன் தாத்தா" என்றான். நான் கேட்காமலே அவன் வைத்த நிபந்தனை அது.

இளைஞர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்வது எளிது. கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவது அதைவிட எளிது. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவதே கடினம். பண்டங்கள் பெருகிய இக்காலத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் அந்தக் கடினமான வேலையிலிருந்து விலகிவிடக் கூடாது.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)