பெயர் எழுதி வைத்த ஊர்



பள்ளி விடுமுறையில் அடிலெய்டில் வாழும் என் தம்பியின் குடும்பத்தாரோடு ஒரு நெடும்பயணம் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. வண்டியின் பின்னால் கேரவனைப் பூட்டிக்கொண்டு பாரியர் நெடுஞ்சாலையில் வடகிழக்காகச் சென்றோம். இருபுறமும் செம்மண்ணும் புதரும் அன்றி வேறொன்றும் இல்லை. மாலை மங்கினால் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே ஊர் சேர்ந்துவிட வேண்டும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரை அடைந்தோம்.

“அக்கா, இரவு தங்கி, டீசல் போட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு காலையில் கிளம்பிவிடலாம். இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை” என்றான் தம்பி. கேரவன் பூங்காவில் எங்கள் பக்கத்தில் நின்றவர்களும் அப்படித்தான் வந்து போகிறவர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால், அந்த ஊரை விட்டுப் புறப்படும்போது என் மனம் பாரமாகிவிட்டது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1883-ஆம் ஆண்டு, சார்லஸ் ராஸ்ப் என்னும் பண்ணைக் காவலாளி இங்கிருந்த குன்றில் கருநிறக் கற்களைக் கண்டு, அவை வெள்ளீயம் என்று எண்ணி நிலத்தைப் பதிவு செய்தார். நம் பேராக் மண்ணைச் செழிக்க வைத்த அதே வெள்ளீயம்! ஆனால் அங்கே கிடைத்தவை வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும். 1885-இல் அங்குத் தோன்றிய நிறுவனமே பின்னாளில் பி.எச்.பி. என்னும் பெயரில் உலகெங்கும் கிளை பரப்பியது. 1939-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தான் பிறந்த ஊரில் சுரங்கப் பணியை முடித்துக்கொண்டு வெளியேறியது. நிறுவனம் போகலாம், தொழிலாளி எங்கே போவான்?

நகரத் தெருக்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்பைடு. அறிவியல் பாடநூலின் ஒரு பக்கத்தைப் பிரித்துத் தரையில் விரித்தது போல் இருக்கிறது. ஊரின் நடுவே கழிவுக் கற்கள் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலின் உச்சியில், 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் நினைவகம் நிற்கிறது.

உள்ளே சென்றோம். சுரங்கப் பணியில் உயிரிழந்த 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். பெயரோடு, அவர் எப்படி இறந்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பாறை சரிந்து, குழியில் விழுந்து, வெடியில் சிக்கி... எந்த மறைப்பும் இல்லை. ‘இயற்கை எய்தினார்’ என்னும் பூசி மெழுகலும் இல்லை. ஒரு பெயரின் அருகே யாரோ ஒரு ரோஜாவைச் செருகி வைத்திருந்தார்கள். “பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை” என்ற என் தம்பி அங்கே வாய் திறக்கவில்லை. எங்களுக்குள் ஒரே நினைவுதான் ஓடியது.

எங்கள் தாத்தா கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பத்தில் வேலை செய்தவர். மண்மேடு சரிந்து இறந்தார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த நாள், எந்தக் குட்டை என்று சொல்ல இன்று வீட்டில் ஆள் இல்லை. எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை.

அங்கே அந்தப் பெயர்கள் முதலாளிகளின் கருணையால் பொறிக்கப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. 1919-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 18 மாதங்கள் இவ்வூர்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பட்டினியும் கடனும் வாட்டின. மருத்துவர்கள் ஆயிரக்கணக்கானோரின் நுரையீரலைச் சோதித்தபோது, தூசு தின்ற உடல்கள் சாட்சி சொல்லின. முடிவில் வாரத்திற்கு 35 மணி நேர வேலை என்னும் உரிமை கிட்டியது. பிற இடங்களில் 44 மணி, 48 மணி என்று உழைத்த காலம் அது! உயிருக்கு மதிப்புக் கேட்டுப் போராடிய ஊர், இறந்தவனின் பெயருக்கும் மதிப்புக் கொடுத்தது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பதே என் கருத்து.

அதற்காக அந்த ஊர் குறையற்றது என்று நான் புகழ மாட்டேன். வில்யாகாலி பழங்குடியினரின் மண் அது. அவர்கள் இழந்ததற்கு அந்தக் குவியலின் மேல் பட்டியல் இல்லை. காரீயத் தூசு இன்னும் முற்றத்தில் படிகிறது. 1990-களிலிருந்து குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்து வருகிறார்கள். ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரில், 2021 கணக்கெடுப்பின்படி 18,000 பேர்கூட இல்லை. எனினும், தன் காயத்தை மறைக்காமல் வழிப்போக்கருக்கும் காட்டுகிற நேர்மை அவ்வூருக்கு இருக்கிறது.

நம் நிலை என்ன? வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறித்த இனம் நாம். அந்த மரபை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். தேர்வில் கேள்வியும் கேட்கிறோம். ஆனால் ரப்பர்த் தோட்டத்திலும் ஈய லம்பத்திலும் சயாம் மரண ரயில் பாதையிலும் மாண்ட நம்மவருள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கல் எழுப்பப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், அனுமதி வேண்டும் என்பார்கள். உண்மைதான். “பெயர் எழுதினால் போன உயிர் திரும்புமா?” என்றும் கேட்பார்கள். திரும்பாது. ஆனால் பெயர் இல்லாத மரணத்திற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. பெயர் இருந்தால்தான் எப்படி இறந்தார், ஏன் இறந்தார் என்னும் கேள்வி பிறக்கும்.

நாடு திரும்பியதும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், தாத்தா பாட்டியரின் பெயர், செய்த தொழில், வேலை செய்த இடம் ஆகியவற்றை வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். 26 மாணவர்களில் 9 பேருக்குத் தாத்தாவின் முழுப்பெயரே கிடைக்கவில்லை. சினம் வரவில்லை, என் தாத்தாவைப் பற்றி எனக்கே தெரியாதே!

ஆசிரியர்களே, பெற்றோர்களே, கல் பிறகு வரட்டும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் இருக்கும் முதியவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை, அவர் சொல்லும்படியே எழுதி வையுங்கள். நாளை கேட்கலாம் என்று காத்திருந்து, சொல்வதற்கு ஆள் இல்லாமல் போன குடும்பத்தில் பிறந்தவள் சொல்கிறேன்.