கடலைத் தோடு விஷம் எடுக்கும்... ஆனால் குடத்துக்குள் வேண்டாம்!

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய்தானே உங்கள் ஞாபகத்துக்கு வருகிறது? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. பருப்பு மிட்டாய்க்குப் போகிறது. தோடு அடுப்புக்குப் போகிறது. அந்தத் தோட்டுக்கு ஓர் அருமையான குணம் உண்டு, தெரியுமா?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அது பிடித்துக்கொள்ளும். தேங்காய் நார்க்கழிவு, நெல் உமி, கரும்புச் சக்கைக்கும் இந்தக் குணம் உண்டு. இவை தம்மிடமுள்ள கால்சியம் போன்றவற்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஈயத்தை ஏற்றுக்கொள்கின்றன. 2011-ல் பிரேசில் விஞ்ஞானிகள் வாழைப்பழத் தோலை அரைத்து, ஆற்று நீரிலிருந்த ஈயத்தையும் செம்பையும் பிரித்துக் காட்டினார்கள்.

இந்தச் செய்தி பரவினாலும் பரவியது, "ஐயா, குடத்துல வாழைப்பழத் தோலைப் போட்டா ஈயமெல்லாம் போயிருமாமே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வேண்டவே வேண்டாம்! எவ்வளவு தோல், எத்தனை நேரம், தண்ணீரின் புளிப்பு எவ்வளவு என்று அளந்து செய்கிற வேலை அது. குடத்தில் போட்டால் தோல் அழுகிக் கிருமிதான் பெருகும்.

தேத்தான்கொட்டையை உரைத்துக் கலங்கல் தண்ணியைத் தெளிய வைத்தவர்கள் நாம். நல்ல வழக்கம்தான். ஆனால் தெளிந்ததெல்லாம் சுத்தமானதல்ல. கரைந்த ஈயம் கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கூடினால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி கெடும், ரத்தசோகையும் வரும்.

அப்படியானால் தோடு எங்கே உதவும்? விஷம் புறப்படும் இடத்தில்! முலாம் பூசும் பட்டறைகளிலும் தோல் ஆலைகளிலும் கழிவுநீர் வாசலைத் தாண்டும் முன்பே பிடிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை விட்டுப் போனது. நிலத்தடி நீரில் இறங்கிய பிறகு எத்தனை மூட்டைத் தோடு போட்டு என்ன பயன்?

இன்னொன்று. தோடு உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். சித்த மருத்துவத்தில் பாதரசத்தைச் செங்கல் தூளோடு அரைத்துச் சுத்தி செய்வோம். அழுக்கேறிய தூளைத் திரும்பத் தொடமாட்டோம். அதே மாதிரி, விஷம் குடித்த தோட்டை உரமாகவோ விறகாகவோ வெளியே விடக் கூடாது. நம்ம கரிசல் மண்ணும் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிற மண். ஒருமுறை சேர்ந்தால் லேசில் போகாது. ஆகவே தோடு போடச் சொல்கிற அதிகாரிகள், போட்ட தோடு எங்கே போகிறது என்பதற்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது? உங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈயத்தையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வாழைப்பழத் தோலை மாட்டுக்குப் போடுங்கள். பழத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்!