ரஃப் நோட்டைத் திருடலாமா?

நம் ரஃப் நோட்டை யாரோ எடுத்துச் சென்று ஊரெங்கும் வாசித்துக் காட்டினால் எப்படியிருக்கும்? ராப் பாடகர் எம்.எஃப். டூமுக்கும் இசையமைப்பாளர் மேட்லிப்புக்கும் அதுதான் நேர்ந்தது. 2002இல் மேட்லிப் பிரேசில் சென்றிருந்தபோது, அவர்களுடைய ‘மேட்வில்லனி’ ஆல்பத்தின் அரைகுறை மாதிரிப் பதிவு திருடுபோய் இணையத்தில் பரவிவிட்டது. ஆல்பம் வெளிவந்ததோ 2004 மார்ச்சில்! இடையில் இருவரும் அதை விட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டனர்.

இரண்டையும் நாங்கள் கேட்டோம். மாதிரிப் பதிவில் டூமின் குரல் உரத்துத் துள்ளுகிறது. திரும்பி வந்தபின் அவர் மறுபடி பாடினார். தாழ்ந்த குரலில், அவசரமின்றி, பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல. எங்களுள் சிலருக்குப் பழைய துள்ளலே பிடித்தது. (அந்த வாக்குவாதத்தில் மதியச் சாப்பாட்டு மணியே அடித்து ஓய்ந்துவிட்டது.) ஆனால் டூம் உலோக முகமூடி அணிந்து மேடையேறியவர். முகத்தை மறைத்தவருக்குக் குரல்தானே முகம்? அதை அவர் தேர்ந்து முடிக்குமுன் பிறர் காட்டிவிட்டனர்.

திருட்டு நடந்ததால்தானே நல்ல குரல் கிடைத்தது என்பாரும் உண்டு. மறுபடி பாடியது டூமின் உழைப்பு. அதற்காகத் திருடியவருக்கு நன்றி சொல்ல நாங்கள் தயாரில்லை. 2020இல் டூம் மறைந்துவிட்டார். இப்போது அந்த மாதிரிப் பதிவைக் கேட்கையில் எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.